வோசெர் பாலத்தில் உருண்ட நாற்காலி

வோசெர்,
பிப்ரவரி, சூரியன் திரும்பி வந்த மறுவாரம்.

மொந்தோலானில் வருஷம் முழுக்க வெயில் காய்ந்துகொண்டு சௌக்கியமாக இருக்கும் அருமை மாப்பிள்ளை காஸ்பார் ஆம்பேர் அவர்களுக்கு, ஆற்றுக்கு இந்தப் பக்கம், மலை நிழலில், அதைவிடச் சௌக்கியமாக இருக்கும் உங்கள் மச்சான் அன்செல்ம் ஏரோ எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் வீட்டுக்காரி ஒர்த்தான்ஸும் ஆடுகளும் நலம். உங்கள் முழங்கால் மடங்குகிறதா, தங்கை ப்ளாந்தீன் புதிதாக வாங்கிய அடுப்பு புகையாமல் எரிகிறதா, உங்கள் நாய் இன்னும் தபால்காரரைக் கடிக்கிறதா என்பதையெல்லாம் விவரமாக அறிய ஆவல். கடிக்கிறது என்றால், இந்தக் கடிதம் வரும் நாளில் மட்டுமாவது அதைக் கட்டிப்போடவும்.

உங்கள் வீட்டுப் புகைபோக்கி என் சமையலறை ஜன்னலிலிருந்து தெரிகிறது. உரக்கக் கூப்பிட்டால் காதில் விழும். அப்படியிருக்க எதற்குக் கடிதம் என்று கேட்பீர்கள். நேரில் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். போனில் சொன்னால் என்னை முடிக்க விடமாட்டீர்கள். கடிதத்தில்தான் குறுக்கே பேச முடியாது. திங்கட்கிழமைச் சந்தையில் பாலாடைக்கட்டிக் கடை முன்னால் நின்றுகொண்டு நீங்கள் நாலு பேருக்குக் கேட்கும்படி என்ன சொன்னீர்கள் என்பது எனக்கு அன்று மத்தியானமே வந்து சேர்ந்துவிட்டது. "வோசெர்க்காரங்க ஒரு அரசாங்க அதிகாரியை வரவழைச்சு, நாற்காலியில உக்கார வச்சு, எங்க ஊருக்குப் பார்சல் அனுப்பிட்டாங்க" என்றீர்களாம். கடைக்காரப் பெண் சிரித்துச் சிரித்து எடையைத் தப்பாகப் போட்டாளாம். நான் இந்த ஊரின் துணை மேயர். அன்று பாலத்தில் முதலிலிருந்து கடைசிவரை இருந்தவன். நீங்களோ ஜன்னல் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே தூங்கியவர். நடந்ததை நடந்தபடி சொல்கிறேன், படித்துவிட்டு அதே கடை முன்னால் போய் நின்று அதே குரலில் சொல்லவும்.

உங்களுக்குத் தெரிந்ததையே முதலில் சொல்கிறேன், ஏனென்றால் மொந்தோலான்காரர்களுக்குத் தெரிந்ததெல்லாம் வெயிலில் ஆவியாகிவிடும். நவம்பர் நடுவில் சூரியன் எங்கள் முகட்டுக்குப் பின்னால் இறங்கிவிடுகிறது. பிப்ரவரி தொடக்கம்வரை எங்கள் ஊரில் ஒரு வீட்டுக் கூரையைக்கூட அது தொடுவதில்லை. இதைக் கேட்டு வெளியூர்க்காரர்கள் உச்சுக் கொட்டுவார்கள். கொட்டட்டும். அந்த நிழலால்தான் எங்கள் நிலவறையில் பாலாடைக்கட்டி பக்குவமாக விளைகிறது, உங்கள் ஊரில் வேர்த்துக் கொட்டுகிறது. அந்த நிழலால்தான் எங்கள் ஊற்று எந்தக் கோடையிலும் வற்றியதில்லை. ஆகஸ்ட் மாதத்தில் பிளாஸ்டிக் கேன்களைத் தூக்கிக்கொண்டு பாலத்தைத் தாண்டி யார் வருகிறார்கள் என்று நான் சொல்லத் தேவையில்லை, போன வருஷம் உங்கள் கேனை நானே நிரப்பிக் கொடுத்தேன். எங்கள் பெண்களுக்கு அறுபது வயதிலும் முகம் பாலாடை மாதிரி இருக்கும். உங்கள் ஊரில் முப்பதிலேயே ஆப்பிள் வற்றல். என் தங்கை விதிவிலக்கு, அவள் இங்கே பிறந்தவள்.

சரித்திரத்துக்கு வருவோம். ஆற்றின் இரண்டு கரையும் ஒரே தேவாலயப் பங்காக இருந்து, பிறகு தனித்தனிக் கொம்யூனாக, அதாவது ஆளுக்கொரு மேயரும் சபையுமாக, பிரிந்த காலத்தில், தேவாலய மணி யாருக்கு என்று தகராறு வந்தது. உங்கள் முன்னோர்கள் வெயிலில் உட்கார்ந்து ஆலோசித்துக்கொண்டிருந்தபோது எங்கள் முன்னோர்கள் உறைந்த ஆற்றின் மேல் மணியை வைக்கோலில் சுற்றி இழுத்துக்கொண்டு வந்துவிட்டார்கள். அதனால்தான் இன்றைக்கும் உங்கள் கோபுரத்தில் கடிகாரம் மட்டும் இருக்கிறது, சத்தம் எங்களிடம் இருக்கிறது. வெள்ளத்தில் பழைய பாலம் போனபோது புதுப் பாலத்துக்குப் பங்கு தர உங்கள் ஊர் மறுத்தது. நாங்களே கட்டினோம். ஆகவே பாலம் முழுவதும், உங்கள் ஊர்ப் பெயர்ப்பலகையின் கால்வரை, வோசெர் மண். இதை மனதில் வைத்துக்கொள்ளவும், கீழே தேவைப்படும்.

இப்படிப்பட்ட ஊரை, உங்கள் மேயர் லமோத், தன் ஊரோடு சேர்த்து ஒரே கொம்யூனாக்க ஆசைப்பட்டார். பெயர் மொந்தோலான் என்றே இருக்குமாம். வோசெர் என்பது அதில் ஒரு தெருவின் பெயராக இருக்குமாம். எங்கள் சபையில் உறுப்பினர்கள் ஏழு பேர். சேரலாம் என்றவர்கள் மூன்று பேர், கூடாது என்றவர்கள் நான் உட்பட மூன்று பேர். நடுவில் எங்கள் மேயரம்மா சொலாஞ் கார்சாம், வாயைத் திறக்கவில்லை. நாங்கள் கேட்கக் கேட்க, "துணை ஆட்சியர் அம்மாவைக் கூப்பிட்டிருக்கேன். அவங்க வந்து பாக்கட்டும், அப்புறம் ஓட்டுப் போடுவோம்" என்பதோடு சரி. துணை ஆட்சியர் வருவதாகச் சொன்ன நாள் நாற்காலி நாளாக அமைந்தது. சூரியன் திரும்பி வந்து முதன்முதலில் தொடுவது பாலத்தைத்தானே. அன்று ஒவ்வொரு வீட்டிலிருந்தும் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு பாலத்தில் போய் முகட்டைப் பார்த்து உட்காருவோம். ஊரிலேயே மூத்தவர் முதல் வார்த்தை சொல்வார், மணி அடிக்கும், அக்ரூட் ஒயின் ஊற்றுவோம். கொஞ்ச நேரத்தில் சூரியன் மறுபடி பாறைக்குப் பின்னால் போய்விடும். அவ்வளவுதான் விழா. அதைப் பார்த்த எந்த அதிகாரிக்கும் இந்த ஊரைத் தெருவாக்க மனம் வராது என்று நான் கணக்குப் போட்டேன்.

அன்று காலையில் பனி கொட்டிக் கிடந்தது. பனி தள்ளும் டிராக்டர் ஃபிர்மேனுடையது. ஃபிர்மேனை உங்களுக்குத் தெரியும், நல்ல உழைப்பாளி, வாய் மட்டும் கொஞ்சம் பனிச்சறுக்கு. டிராக்டர் கிளம்பவில்லை. "நேத்தே சொன்னேன், பாட்டரி செத்துருச்சுன்னு. யாரு கேட்டா?" என்றான். நேற்று அவன் சொன்னது தன் மாமியாரைப் பற்றி என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம். அந்த நேரம் பார்த்துத் துணை ஆட்சியர் மதாம் கோர்பெல்லின் கார் வளைவில் வந்து, துணி துவைக்கும் தொட்டிக்குப் பக்கத்துப் பள்ளத்தில் நிதானமாக இறங்கிப் படுத்துக்கொண்டது. நாங்கள் ஓடினோம். அவர் ஜன்னலை இறக்கி, "இதுதான் வோசெரா?" என்று கேட்டார். இளவயதுப் பெண், மெல்லிய நகரத்துச் செருப்பு. "ஆமாம்மா, எங்க ஊரோட முக்கியமான பள்ளத்துல இருக்கீங்க" என்றான் ஃபிர்மேன். காரை இழுக்கக் கயிறு வேண்டும். ஊரில் கார் இழுக்கும் அளவுக்குத் தடித்த கயிறு ஒன்றே ஒன்றுதான், அது கோபுரத்தில் மணியில் தொங்கிக்கொண்டிருந்தது. ஃபிர்மேன் ஏறி அவிழ்த்துக்கொண்டு வந்தான். ஊரே பிடித்து இழுத்தது. கார் வெளியே வந்தது, கயிறு இரண்டாகப் போயிற்று. மணி அடிக்கக் கயிறு இல்லை. "சுத்தியல் எடுத்துக்கிட்டு மேல போறேன். சூரியன் வந்ததும் கீழ சத்தம் போடுங்க, ஓங்கி ஒண்ணு வைக்கிறேன்" என்று போனான். மேலே போனால் அவனுக்குப் பாலம் தெரியாது, சத்தம் மட்டும்தான் கேட்கும். இதை நாங்கள் அப்போது யோசிக்கவில்லை.

மதாம் கோர்பெல்லின் செருப்பு பனியில் ஊறிப் பிட்டுப் போல ஆகிவிட்டது. ஒர்த்தான்ஸ் ஆட்டுக்கொட்டகையில் போடும் ரப்பர் பூட்ஸைக் கொடுத்தாள். அதில் ஒன்று அவளுடையது, மற்றது என்னுடையது என்பது பிறகுதான் தெரிந்தது. பாவம், அந்த அம்மா ஒரு பக்கம் சாய்ந்தபடியே நடந்தார். போகிற வழியில் சதுக்கத்தில் போர்க்கல் முன்னால் நின்றார். அதில் பொறித்த, போரில் செத்த எங்கள் ஊர்க்காரர்களின் பெயர்களை மேலிருந்து கீழே படித்தார். பிறகு பாலத்தைப் பார்த்து நாற்காலியோடு நடக்கும் எங்களை ஒரு தடவை பார்த்தார்.

"இதுல இருக்கிற பேருதான் அதிகமா, இப்ப ஊர்ல இருக்கிறவங்க அதிகமா?" என்று மேயரைக் கேட்டார்.

"கல்லுலதாம்மா அதிகம்" என்றார் சொலாஞ். "அவங்ககிட்டேருந்து மட்டும்தான் பனி தள்ளச் சொல்லி எனக்குப் போன் வராது."

இப்போது நாற்காலி விஷயம். எல்லோரும் சமையலறை நாற்காலி கொண்டுவருவோம், கால் ஆடும், வைக்கோல் இருக்கை பிய்ந்திருக்கும். விருந்தாளிக்கு அதில் இடம் கொடுத்தால் ஊருக்கு என்ன மரியாதை என்று நான்தான் மேயர் அலுவலகத்து நாற்காலியைக் கொண்டுவரச் சொன்னேன். கறுப்புத் தோல், சாய்மானம், கை வைக்க இடம், அடியில் ஐந்து சக்கரம். சக்கரத்தைப் பூட்டும் நெம்பு ஒன்று இருக்கிறது, அதை நானே பூட்டினேன். பாலம் உங்கள் பக்கம் சரிவானது என்பதும், அன்று காலை பனியின் மேல் கொஞ்சம் உறைபனி பிடித்திருந்தது என்பதும் வாஸ்தவம். ஆனால் நெம்பைப் பூட்டினேன். ஒர்த்தான்ஸ் அது உயரத்தைக் கூட்டிக் குறைக்கும் நெம்பு என்கிறாள். அவளுக்கு அலுவலகச் சாமான் பழக்கமில்லை.

எல்லோரும் வரிசையாக உட்கார்ந்தோம். நடுவில் மதாம் கோர்பெல், கையில் ஒயின் கோப்பை. அவருக்குப் பக்கத்தில் பெரியவர் ஒனெசீம். அவர்தான் இப்போது ஊரில் மூத்தவர். இந்தக் குளிர்காலத்தில் நெஞ்சு சளியில் படுத்துக்கிடந்து, சூரியனைப் பார்க்காமல் போவேனோ என்று டாக்டரைப் பாடாய்ப் படுத்தியவர். இரண்டு போர்வை சுற்றி மருமகள் கொண்டுவந்து உட்கார வைத்திருந்தாள். முகட்டின் விளிம்பு பொன்னிறமாகி, பிறகு வெள்ளையாகி, பார்க்கக் கண் கூசியது. முதல் கதிர் பாலத்தின் கைப்பிடிச் சுவரைத் தொட்டது. ஒனெசீம் தொப்பியைக் கழற்றினார். வருஷா வருஷம் சொல்கிற வார்த்தையைத்தான் சொன்னார், விருந்தாளியிடம் சொல்வது போல. "வந்தீங்களா? உக்காருங்க."

மதாம் கோர்பெல்லுக்கு என்ன தோன்றியதோ, அவரும் தலையை நிமிர்த்தி வெயிலை முகத்தில் வாங்கிக்கொள்ளச் சாய்மானத்தில் நன்றாகச் சாய்ந்தார். நாற்காலி கிளம்பியது.

மாப்பிள்ளை, நான் ரயில்வேயில் முப்பது வருஷம் வேலை பார்த்தவன், எத்தனையோ வண்டி புறப்படப் பார்த்திருக்கிறேன். இவ்வளவு அமைதியாக ஒரு வண்டியும் புறப்பட்டதில்லை. முதலில் மெதுவாக எங்கள் முழங்கால்களுக்கு முன்னால் நகர்ந்தார். கையிலிருந்த கோப்பையை எங்களைப் பார்த்து உயர்த்தியபடியே போனார், நாங்களும் மரியாதைக்குக் கோப்பையை உயர்த்தினோம். அவர் ஏதோ சம்பிரதாயப்படி எங்களைப் பார்வையிடுகிறார் என்றே நினைத்தோம். சொலாஞ்தான் முதலில் புரிந்துகொண்டு, "பிடிங்க, பிடிங்க" என்று கத்தினார். மேலே கோபுரத்தில் ஃபிர்மேனுக்குச் சத்தம் கேட்டது. சூரியன் வந்துவிட்டது என்று சுத்தியலை ஓங்கி வைத்தான். நாங்கள் கத்தக் கத்த அவனும் விடாமல் வைத்தான். முழு மணியோசையோடு, முகத்தில் வெயில் பட, ஒரு காலில் என் பூட்ஸும் மறு காலில் என் மனைவியின் பூட்ஸுமாகத் துணை ஆட்சியர் அம்மா பாலத்தின் சரிவில் வேகம் பிடித்து, உங்கள் ஊர்ப் பெயர்ப்பலகையின் காலடியில் குவிந்திருந்த பனியில் போய்ப் புதைந்து நின்றார்.

அங்கே யார் இருந்தது? உங்கள் லமோத். மார்பில் மேயரின் மூவர்ணப் பட்டை, கையில் சூடான சாக்லேட் ஜாடி. விழாவைப் பார்க்க வந்தேன் என்று பிறகு சொன்னார். நாங்கள் நம்பினோம் என்று நீங்கள் நம்பினால் அது உங்கள் இஷ்டம். அவர் குனிந்து, "வாங்க மதாம். பாருங்க, நாற்காலிக்குக்கூடத் தெரிஞ்சிருக்கு எந்தப் பக்கம் போகணும்னு" என்றார். சந்தையில் நீங்கள் சொல்லிச் சிரித்தது இதுவரைக்கும்தான். இதற்கப்புறம் நடந்தது உங்களுக்குத் தெரியாது, ஏனென்றால் உங்கள் ஊரில் லமோத்தைத் தவிர ஒரு ஆள் வெளியே வரவில்லை. கண் கூசுகிறது என்று எல்லா வீட்டிலும் ஜன்னல் சாத்தியிருந்தது.

எங்கள் ஊர் எழுந்து ஓடியது. மொத்த ஊரும். நவம்பரிலிருந்து எதற்காகக் காத்திருந்தோமோ அது அப்போதுதான் எங்கள் முகத்தில் பட்டிருந்தது. அதை அப்படியே நாற்காலியில் விட்டுவிட்டு ஓடினோம். சொலாஞ் வழுக்கி விழுந்து, எழுந்து, மறுபடி விழுந்து, இரண்டாவது தடவை உட்கார்ந்தபடியே வந்து சேர்ந்தார். நான் அங்கே போனபோது எனக்கு முன்னாலேயே ஒருவர் போர்வையை இழுத்துக்கொண்டு தத்தித் தத்தி வந்துகொண்டிருந்தார், ஒனெசீம். பின்னால் மருமகள் அழாத குறை. நாங்கள் மதாம் கோர்பெல்லைப் பனியிலிருந்து தூக்கி நிறுத்தினோம். ஒனெசீம் தன் போர்வையில் ஒன்றை எடுத்து அவர் தோளில் போட்டார். ஒயின் ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளவும், அந்த அம்மாவின் கை அப்படி. எல்லோரும் திரும்பிப் பார்த்தபோது பாலத்தில் நாற்காலிகள் மட்டும் வரிசையாக இருந்தன. அவற்றின் மேல் வெயில் இருந்தது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே முகட்டுக்குப் பின்னாலிருந்து மேகம் வந்தது, வெயில் போய்விட்டது.

அந்த அம்மா அதைக் கவனித்தார்.

"மூணு மாசம் இதுக்காகத்தானே காத்திருந்தீங்க?" என்று ஒனெசீமைக் கேட்டார். "ஏன் எந்திரிச்சு வந்தீங்க?"

ஒனெசீமுக்கு மூச்சு வாங்கியது. "அவரு நாளைக்கும் வருவாரு தாயி. நீங்க வருவீங்களா?"

நீங்கள் கூட இருந்திருந்தால், மாப்பிள்ளை, அந்த நேரத்தில் சிரித்திருக்க மாட்டீர்கள். லமோத்தே சாக்லேட் ஜாடியை என்ன செய்வதென்று தெரியாமல் ஒனெசீமின் கையில் கொடுத்துவிட்டார். ஒனெசீம் அதை முழுக்கக் குடித்தார். மேலே ஃபிர்மேன் மட்டும் இன்னும் அடித்துக்கொண்டிருந்தான். யாரோ போய் அவன் காலைப் பிடித்து இழுத்த பிறகுதான் நிறுத்தினான். "எப்படி இருந்துச்சு? இந்த வருஷம் ரொம்ப நேரம் இருந்துச்சு போல" என்று கேட்டபடி இறங்கி வந்தான்.

மதாம் கோர்பெல் உங்கள் ஊருக்குள் ஒரு அடி வைக்கவில்லை. பனிக்குவியல் பலகைக்கு இந்தப் பக்கம்தான் இருந்தது, ஆகவே அவர் உருண்டது வோசெரிலிருந்து வோசெருக்கு. திரும்பி நடந்து வந்து, சக்கரம் இல்லாத நாற்காலி ஒன்று வேண்டும் என்று கேட்டு, ஒனெசீமின் கால் ஆடும் நாற்காலியில் அவரோடு பாதிப் பாதியாக உட்கார்ந்து, மேகத்தைப் பார்த்தபடி ஒயினைக் குடித்து முடித்தார். "நாங்க வருஷா வருஷம் இப்படித்தாம்மா, மேகம் வந்தாலும் முடிக்காம எந்திரிக்க மாட்டோம்" என்று நான் விளக்கினேன். "புரியுது" என்றார். அப்போது அவர் தலையில் இருந்த பனியை ஒர்த்தான்ஸ் கைக்குட்டையால் தட்டிவிட்டுக்கொண்டிருந்தாள்.

பிறகு மேயர் அலுவலகத்தில் சாப்பாடு. உருளைக்கிழங்கு பூரணம் வைத்துப் பொரித்த தூர்த்தோன், பன்றித் தொடைக்கறி, எங்கள் நிலவறைப் பாலாடைக்கட்டி. லமோத்தும் வந்து உட்கார்ந்தார், அழைக்கவில்லை, விரட்டவும் இல்லை. மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டார். சாப்பிட்ட கையோடு சபை கூடியது, ஊர் முழுவதும் சுவரோடு சுவராக நின்று கேட்டது. சேரலாம் என்ற மூவரும் பேசினார்கள், கூடாது என்ற மூவரும் பேசினோம். நான் மணியைப் பற்றியும் பாலத்தைப் பற்றியும் ஊற்றைப் பற்றியும் பேசினேன். நன்றாகவே பேசினேன் என்று பலரும் சொன்னார்கள், என்ன பேசினேன் என்று யாருக்கும் நினைவில்லை. கடைசியில் எல்லோரும் சொலாஞ்சைப் பார்த்தோம். விழுந்ததில் அவர் பாவாடை இன்னும் ஈரமாக இருந்தது.

"எனக்கு ஊரை விக்கணும்னு ஆசையில்ல" என்றார். "குழாய் உறைஞ்சா எனக்குப் போன். பன்னி ஓடிப்போனா எனக்குப் போன். மார்த்தேன் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் வேலித் தகராறுன்னா, ரெண்டு பேரும் ஒரே நேரத்துல போன். போன மாசம் பிணத்துக்குக் குழி வெட்ட மண்ணு இளகல, நானும் ஃபிர்மேனும்தான் கல்லறையில நெருப்பு மூட்டி உக்காந்திருந்தோம். செய்யறேன், செய்ய மாட்டேன்னு சொல்லல. ஆனா எனக்கும் வயசாகுது. அடுத்த தேர்தல்ல நான் நிக்க மாட்டேன். எனக்கப்புறம் யாரு? அதை மட்டும் சொல்லுங்க. ஒரு பேரு சொல்லுங்க, நான் இப்பவே கையைத் தூக்குறேன். பேரு இல்லன்னா, ஊருன்னு ஒண்ணு எதுக்கு?"

மணியைப் பற்றிப் பேசிய நான் என் தட்டில் மிச்சமிருந்த பாலாடைக்கட்டியைக் கவனமாகப் பார்த்தேன். கூடாது என்று மேசையைத் தட்டிய மற்ற இருவரும் அவரவர் தட்டைப் பார்த்தார்கள். அப்போது ஒரு மூலையிலிருந்து, "நான் நிக்கிறேன்" என்று குரல் வந்தது. ஒனெசீம். இரண்டு பேர் பிடித்துத் தூக்க, எழுந்து நின்று, "எனக்குப் போன் சரியாக் கேக்காது, அதனால தொந்தரவும் இருக்காது" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. நெஞ்சில் சளியோடு ஒரு மனிதர் ஒரே நாளில் இரண்டு தடவை எழுந்து நிற்கிறார். ஒரு தடவை யாரோ ஒரு வெளியூர்ப் பெண்ணுக்காக, ஒரு தடவை ஊருக்காக. அவரைவிட இருபது வயது சின்னவன் நான், தட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எனக்குக் காது சூடாகிவிட்டது. எழுந்தேன். ஒர்த்தான்ஸ் பின்னாலிருந்து என் கோட்டைப் பிடித்து இழுத்தாள். நான் ஏற்கெனவே எழுந்துவிட்டதால் கோட்டு மட்டும் உட்கார்ந்தது.

"உக்காருங்க பெரியவரே" என்றேன். "நான் நிக்கிறேன். என் பேரைச் சொல்லுங்க மேயரம்மா."

சொலாஞ் என் பக்கம் திரும்பினார். "பன்னி ஓடிப்போனா?" என்றார்.

"பிடிப்பேன்."

"மார்த்தேன் வேலி?"

"அதை மட்டும் யோசிச்சுச் சொல்றேன்."

அவர் கையைத் தூக்கினார். நாலுக்கு மூன்று. வோசெர் வோசெராகவே இருக்கும். பெயர்ப்பலகை அங்கேயே இருக்கும். சேரலாம் என்றவர்களில் ஒருவர் வந்து என்னைக் கட்டிக்கொண்டு அழுதார், அவர் எதற்காக எங்களை எதிர்த்து ஓட்டுப் போட்டார் என்று இன்றுவரை அவருக்கே தெரியவில்லை. மதாம் கோர்பெல் எதையும் குறித்துக்கொள்ளவில்லை. கிளம்பும்போது காருக்குப் பக்கத்தில் நின்று, "நான் போற ஊர்ல எல்லாம் எனக்கு நல்ல நாற்காலிதான் போடுறாங்க. அது பின்னால யாரும் ஓடி வந்ததில்ல" என்றார். பூட்ஸைத் திருப்பிக் கொடுக்கக் குனிந்தார். ஒர்த்தான்ஸ், "வச்சுக்கங்க மதாம், அடுத்த வருஷம் வேணும்ல" என்றாள். அவர் சாய்ந்தபடியே ஏறிப் போனார். அன்றிலிருந்து எனக்கும் ஒர்த்தான்ஸுக்கும் ஆளுக்கொரு பூட்ஸ்தான், அதில் எனக்கு வருத்தமில்லை.

ஆகவே மாப்பிள்ளை, யாரையும் யாரும் பார்சல் அனுப்பவில்லை. நிழலில் கிடக்கிற ஊர், வெளிச்சம் வந்த நேரத்தில் அதை விட்டுவிட்டு ஒரு மனிதருக்குப் பின்னால் ஓடியது. வருஷம் முழுக்க வெயில் வைத்திருக்கும் உங்கள் ஊர் ஜன்னலைக்கூடத் திறக்கவில்லை. நான் பிறந்தது இந்த நிழலில், சாவதும் இந்த நிழலில்தான். வருகிற தேர்தலுக்குப் பிறகு இந்த ஊரின் மேயராக உங்களிடம் பேசுவேன், அப்போது மச்சான் என்று கூப்பிடாமல் மரியாதையாகக் கூப்பிடவும். ஆகஸ்டில் தண்ணீருக்கு வரும்போது பாலத்தில் கேனை உருட்டிக்கொண்டு வரவேண்டாம், தூக்கிக்கொண்டு வரவும்.

தங்கை ப்ளாந்தீனுக்கு என் ஆசீர்வாதம். உங்கள் முழங்கால் சீக்கிரம் மடங்கி, சீக்கிரம் நிமிரவும், உங்கள் நாய் திருந்தவும், உங்கள் ஊற்று என்றாவது ஒருநாள் கோடையிலும் ஓடவும் எங்கள் ஊர்ப் புனிதரிடம் வேண்டிக்கொள்கிறேன். அவர் அடுத்த கரைக்கும் கொஞ்சம் அருள் தரக்கூடியவர்தான், கேட்டால்.

என்றும் நிழல் கரையின்,
அன்செல்ம் ஏரோ

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்கு முன் ஒர்த்தான்ஸ் படித்துவிட்டாள். மேயராக இருப்பதில் அவளுக்கு ஆட்சேபணை இல்லையாம். ஆனால் பகல் முழுக்கப் பன்றி பிடிக்கிறவனோடு குளிர்காலம் முழுக்க இருட்டில் உட்கார அவளால் முடியாதாம். நேற்றே ப்ளாந்தீனிடம் பேசி, வருகிற நவம்பர் முதல் பிப்ரவரிவரை உங்கள் வீட்டுப் பின்னறையைக் கேட்டு வாங்கிவிட்டாளாம். நான் வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி என்கிறாள். நான் இரவெல்லாம் யோசித்தேன். மேலே எழுதியதில் ஒரு வார்த்தையும் மாற்ற வேண்டியதில்லை என்றே நினைக்கிறேன். போன் பாலத்தைத் தாண்டியும் எடுக்கும், பன்றிக்கு நான் ஓடி வந்துவிடுவேன். ஆகையால் மாப்பிள்ளை, அந்தச் சந்தைக் கடைக்கு இப்போதைக்குப் போகவேண்டாம். அந்த அறையின் ஜன்னல் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று மட்டும் உடனே தெரிவிக்கவும். வெயில் நிறைய வரவேண்டும், ஆனால் பாலத்திலிருந்து பார்த்தால் ஆள் தெரியக்கூடாது.